எடுக்காத அழைப்புகளின் கணக்கு

பாவனை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் விசர் வரும். பாவனை விகிதம், மாதாந்தப் பாவனை, பாவனையாளர் எண்ணிக்கை என்று கொழும்பிலிருந்து வந்த ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அந்தச் சொல் இருந்தது. காசு தருகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள், அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யானைக்குப் பயந்து கதவைச் சாத்துகிற ஒரு மனிசன் எதைப் பாவித்தான், எத்தனை விநாடி பாவித்தான் என்று எப்படி எண்ணுவது? அவர்கள் அதை யோசிக்கவில்லை. பொறுமையாக இருந்து விளங்கப்படுத்துகிற ஆளும் நானில்லை.

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம், ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஐந்து பேர். மென்பொருள் எழுதுகிறோம் என்று பெயர்தான், பாதி நாள் கடைக்காரர்களின் பில் மெசினைத் திருத்திக்கொடுப்பதிலேயே போய்விடும். எங்களிடம் இருந்த ஒரே உருப்படியான சாமான் யானை எச்சரிக்கைச் சேவை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயும் வவுனியா வடக்கிலும் காட்டோரமாக இருக்கிற கிராமங்களுக்காகச் செய்தது. யானையைக் கண்டவர் எங்கள் இலக்கத்துக்கு ஒரு மிஸ்கோல் அடித்தால் போதும். அடித்தவர் எந்தக் கிராமம் என்று கணினிக்குத் தெரியும். உடனே அந்தக் கிராமத்தில் பதிந்திருக்கிற எல்லாப் போன்களுக்கும் அது வரிசையாக அழைப்பெடுக்கும். எடுத்துக் காதில் வைத்தால் எங்கள் பொறுப்பாளரின் குரல் கேட்கும். "அன்பார்ந்த கிராமவாசிகளே, உங்கள் பகுதியில் காட்டு யானைகளின் நடமாட்டம் அவதானிக்கப்பட்டுள்ளது" என்று தொடங்கி, அரை நிமிடத்துக்கு மேடையில் நின்று பேசுவதுபோல் பேசிவைத்திருந்தார் அந்த மனிசன்.

அந்தக் கிராமங்களில் ஒன்றில்தான் என் அக்கா இருக்கிறாள். அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணி அவளுக்குச் சீதனமாகப் போனது. அக்காவும் அத்தானும்தான். வயல், ஒரு பசு, நாலு ஆடு. அவர்களின் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்கு அங்கால் மின்சார யானைவேலி, அதுவும் பாதி இடத்தில் சரிந்து கிடக்கும், பிறகு காடு. கிராமத்தில் ஆகக் கடைசியாகப் பதிந்ததும் அக்காவின் இலக்கம்தான். ஆகவே அழைப்பு வரிசையிலும் கடைசி. என் அக்கா என்பதற்காக அவளை முன்னுக்குத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் ஒரு நிமிடத்துக்குள் முழுக் கிராமத்தையும் மணி சுற்றிவந்துவிடும்.

எப்படி அவ்வளவு கெதியாகச் சுற்றியது என்றால், ஒருவரும் அழைப்பை எடுப்பதில்லை. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு மிஸ்கோல் ஒரு பாஷை. பஸ் வந்துவிட்டது என்றால் ஒரு மிஸ்கோல். சமைத்தாயிற்று, வா என்றால் ஒரு மிஸ்கோல். மணி அடித்தவுடன் அந்தப் பக்கத்தில் கட் பண்ணினால், விளங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு சதமும் செலவில்லை. நானும் அப்படித்தான். வேலை முடிந்து நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வந்து சேர்ந்ததும் அக்காவுக்கு ஒரு மிஸ்கோல் அடிப்பேன். அவள் கட் பண்ணுவாள். அந்த நாளுக்கு அதோடு எங்கள் கதை முடிந்தது. யானை அழைப்பையும் சனம் அப்படியே எடுத்துக்கொண்டது. எங்கள் இலக்கம் அடித்தால் யானை. கட் பண்ணு, விளக்கைப் போடு, வெளியே நிற்கிற ஆளை உள்ளே கூப்பிடு. எங்களிடம் இருந்தது எட்டு லைன்தான். ஒருவர் கட் பண்ணிய நொடியே அந்த லைன் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"ஏனக்கா ஒருத்தரும் எடுத்துக் கேக்கிறீங்களில்லை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எடுத்து ஆரோட கதைக்கிறது?" என்று சிரித்தாள் அக்கா. "உங்கட ஆளின்ர பிரசங்கத்தைக் கேட்டு முடிய யானை குசினிக்குள்ள நிண்டு சோத்துப் பானையைக் கவிழ்த்திடும். போடி!"

இந்தச் சேவைக்குக் காசு தந்த கொழும்பு நிறுவனத்தின் விளக்கம் வேறு. அழைப்பை எடுத்து, பேச்சு முழுவதையும் கேட்டால்தான் ஒரு பாவனை. மணி அடித்துக் கட் பண்ணியது தோல்வி. அந்தக் கணக்குப்படி எங்கள் சேவையை ஒருவரும் பாவிக்கவில்லை. ஒருவரும் பாவிக்காத ஒன்றுக்கு யார் காசு கொடுப்பார்கள்? அடுத்த மாதத்தோடு நிறுத்துவதா இல்லையா என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்கு வரப்போவது அங்கே எங்கள் கணக்கைப் பார்க்கிற பெண். நிறுத்தினால் எங்கள் அலுவலகமும் படுத்துவிடும், அது ஒரு பக்கம். என் நெஞ்சைப் போட்டு அமுக்கியது மற்றது. வயல் அறுவடைக்கு நின்றது, யானைகள் ஊருக்குள் வருகிற காலம். அந்த மணி அடிக்காத ஓர் இரவை அக்கா வீட்டில் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் செய்ய நினைத்தது இதுதான். கட் பண்ணிய அழைப்புகளை எண்ணிக் காட்டுவது. போன் நிறுத்தி வைத்திருந்தால் பதிவில் ஒரு குறி இருக்கும், சிக்னல் இல்லாவிட்டால் இன்னொரு குறி. மணி அடித்து, மனிசக் கை ஒன்று கட் பண்ணியிருந்தால் அதற்கு வேறு குறி. அந்தக் குறிகளை எல்லாம் கூட்டி, இந்தாருங்கள், இவ்வளவு சனமும் உங்கள் சேவையைப் பாவித்ததுதான் என்று முன்னால் வைக்கவேண்டும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், எண் சொன்னால் நம்புவார்கள்.

எண்ணுவது லேசான வேலை என்று நினைப்பீர்கள். ஒவ்வொரு அழைப்பும் தரவுத்தளத்தில் ஒரு பதிவு. போன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று மணி அடிக்காமல் நாங்கள் நாளாந்தம் அனுப்பும் சோதனைகளும் அதற்குள்தான் கிடந்தன. எல்லாமாகப் பல இலட்சம். எங்கள் சேர்வரோ ஆகக் குறைந்த வாடகைக்கு எடுத்த நோஞ்சான். முந்தின மாதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன், அது விறைத்துப்போய் நின்றுவிட்டது. அது எண்ணிக்கொண்டு நிற்கும்வரை வேறொரு வேலையும் செய்யாது. அந்த நேரம் யானை வந்திருந்தால் ஒரு வீட்டிலும் மணி அடித்திருக்காது. நல்லகாலம், அது பட்டப்பகல்.

அதற்குப் பிறகு பகுதி பகுதியாகத்தான் எண்ணுவேன். மூட்டை நெல்லைக் கொத்தால் அளக்கிற மாதிரி. முதல் பத்தாயிரம் பதிவுகளை எடு, கட் பண்ணியது எத்தனை என்று எண்ணு, தொகையை ஒரு பக்கத்தில் வை, சேர்வர் மூச்சு விடட்டும், பிறகு அடுத்த பத்தாயிரம். ஒன்றில் எண்ணியது மற்றதில் திரும்ப வரக்கூடாது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் நழுவக்கூடாது. அவசரப்பட்டால் எல்லாம் பிழைத்துவிடும். யானைகள் வெளிக்கிடுவது பொழுதுபட. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே எண்ணி முடிக்கவேண்டும்.

கூட்டத்துக்கு முதல்நாள் காலையில் பொறுப்பாளர் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நல்ல மனிசன்தான். ஐந்து பேரின் சம்பளத்தை நினைத்து நினைத்து முடி கொட்டிப்போன ஆள்.

"தங்கச்சி, நான் ஒண்டு யோசிச்சனான். சனத்துக்கு ஒரு எஸ்எம்எஸ் போடுவமே? இனிக் கட் பண்ணாம எடுத்து முழுக்கக் கேளுங்கோ, இல்லாட்டிச் சேவையை நிப்பாட்டிப் போடுவினம் எண்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விசரே அண்ணை உங்களுக்கு? எட்டு லைன்தான் கிடக்கு. ஒவ்வொருத்தரும் உங்கட பேச்சைக் கேட்டுக்கொண்டு நிண்டா, கடைசி வீட்டுக்கு மணி எப்ப போறது?"

"ஒரு கிழமைக்குத்தானே. கணக்குக் கொஞ்சம் ஏறினவுடனே..."

"யானையும் ஒரு கிழமை லீவு போட்டிட்டு நிக்குமோ?"

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "சரி, சரி, நீ எண்ணு" என்று எழும்பிப் போனார். அந்தக் கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மத்தியானச் சோற்றையும் மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு எண்ணினேன். தகரக் கூரை வெக்கையில் காத்தாடி சும்மா சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பகுதி முடியும்போதும் திரையில் ஒரு தொகை வரும். நான் நினைத்ததைவிடக் கூடவே வந்தது. பத்தில் எட்டுப் பேர் மணி அடித்து இரண்டு மூன்று விநாடிக்குள் கட் பண்ணியிருந்தார்கள். அதாவது, போன் கையில் இருந்திருக்கிறது, பார்த்திருக்கிறார்கள், விளங்கியிருக்கிறது. எனக்குச் சந்தோஷத்தில் எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது. இதைவிட நல்ல பாவனை எந்த நாட்டில் இருக்கப்போகிறது? நாளைக்கு வரட்டும், அந்தக் கொழும்புப் பெண்ணின் வாயை அடைக்கிறேன் என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று மணிபோலக் கரண்ட் நின்றது. கோதாரி! இன்றைக்கென்று பார்த்து. சேர்வர் வேறிடத்தில்தான், அது நிற்காது. ஆனால் என் கணினியும் இணையமும் போனதில் எண்ணிக்கொண்டிருந்த பகுதி அந்தரத்தில் நின்றது. கரண்ட் திரும்ப வரும்வரை முற்றத்துக் கோழி மாதிரி மேல்மாடி முழுக்க நடந்துகொண்டு திரிந்தேன். வந்தபிறகு நின்ற இடத்திலிருந்து பிடிக்கவேண்டியிருந்தது. கடைசிச் சில பகுதிகளுக்கு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நிறுத்துவோமா என்று யோசித்தேன். பகுதி பகுதியாகத்தானே எண்ணுகிறேன், நடுவில் இடைவெளி விடுகிறேன்தானே, சேர்வர் தாங்கும் என்று தொடர்ந்தேன். மற்ற மூன்று பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொறுப்பாளர் தன் அறையில் இருந்தார்.

அப்போதுதான் எச்சரிக்கை மணி அடித்தது. யாராவது யானையைக் கண்டு மிஸ்கோல் அடித்தால் எங்கள் அலுவலகத்திலும் ஒரு ஒலி எழும்பும், திரையில் கிராமத்தின் பெயர் வரும். அக்காவின் கிராமம்.

பயந்தேன் என்று சொல்லமாட்டேன், முதலில். அந்தக் கிராமத்தில் மாதத்தில் நாலைந்து தடவை அடிக்கும். ஒருதடவை யாரோ பக்கத்து வீட்டு எருமையைப் பார்த்துவிட்டு ஊரையே எழுப்பியிருந்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு அழைப்பு வெளியே போனது. எட்டும் அப்படியே நின்றது. வழக்கமாகக் கண் மூடித் திறப்பதற்குள் அந்த எட்டும் மாறி அடுத்த எட்டு வரும். வரவில்லை.

என் எண்ணிக்கைதான் சேர்வரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்தேன். ஓடிக்கொண்டிருந்த பகுதியை அப்படியே நிறுத்தினேன், அந்தப் பகுதியின் தொகை போனால் போகட்டும். இனி அசையும் என்று பார்த்தேன். அசையவில்லை. சேர்வர் சும்மாதான் நின்றது, அதற்கு ஒரு பாரமும் இல்லை.

பிறகுதான் ஒவ்வொரு அழைப்பின் பக்கத்திலும் இருந்த குறியை வாசித்தேன். எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டது. எட்டு வீட்டிலும் போனைக் காதில் வைத்து எங்கள் பொறுப்பாளரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணை!" என்று நான் போட்ட சத்தத்துக்கு அவர் செருப்பும் இல்லாமல் ஓடிவந்தார். "எஸ்எம்எஸ் போட்டனீங்களோ?"

அவர் முகம் வெளிறிப்போயிற்று. "மத்தியானம் போட்டனான் தங்கச்சி. எல்லாக் கிராமத்துக்கும். நாளைக்குக் கூட்டம் எண்டபடியா..."

நான் என்ன சொல்லித் திட்டினேன் என்று இப்போது எழுத வேண்டாம். திட்டிக்கொண்டே என் போனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன். கணினி தன் வரிசையில் ஊர்ந்து போகட்டும், நான் நேரே சொல்லுகிறேன் என்று. ஒரு மணி அடித்தது. கட் பண்ணினாள்.

எனக்கு ஒரு விநாடி நிம்மதியாகக்கூட இருந்தது, பழக்கதோஷம். கட் பண்ணிவிட்டாள், விளங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் உச்சந்தலையில் அடித்ததுபோல் உறைத்தது. என் இலக்கத்திலிருந்து பொழுதுபடுகிற நேரத்தில் ஒரு மிஸ்கோல் போனால், அக்காவுக்கு அது யானை இல்லை. தங்கச்சி அறைக்கு வந்து சேர்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

திரும்ப அடித்தேன். கட் பண்ணினாள். "எடடி, எடடி, எடுத்துத் துலையடி" என்று கத்தினேன். மூன்றாந்தரமும் அடித்தேன். அதையும் கட் பண்ணினாள். கைதவறி இரண்டு மூன்று தரம் அடிபடுகிறது என்று நினைத்திருப்பாள். நாலாந்தரம் மணி அடித்துக்கொண்டே போனது, ஒருவரும் எடுக்கவுமில்லை, கட் பண்ணவுமில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கவேண்டும்.

திரையில் இரண்டாவது எட்டு. எடுக்கப்பட்டது, எடுக்கப்பட்டது. ஒரு வீட்டிலும் பாதியில் வைக்கவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிற சனம்.

"உங்கட போனைத் தாங்கோ" என்று பொறுப்பாளரின் கையிலிருந்ததைப் பறித்து அதிலிருந்து அடித்தேன். தெரியாத இலக்கம். கனநேரம் மணி அடித்தபிறகு எடுத்தாள்.

"ஹலோ, ஆர்?"

"அக்கா, நான்தான். யானை! அத்தானை உள்ள வரச் சொல்லு!"

"என்னடி சொல்லுறாய்? அவர் மாட்டை அவிழ்க்கப் போயிட்டாரே. எங்களுக்குக் கோல் ஒண்டும் வரேல்லையே."

"வரும், வரும், வரமுதல் கூப்பிடு அக்கா!"

போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடினாள். அது துண்டிக்கப்படாமல் கிடந்தது. "இஞ்சாருங்கோ!" என்று அவள் கூப்பிடுவது கேட்டது. முற்றத்திலிருந்து, பிறகு படலைக்கு வெளியே இருந்து, பிறகு இன்னும் தூரத்திலிருந்து. "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" பசு அலறியது. அதற்குப் பிறகு அக்காவின் குரலில் வந்தது சொல் இல்லை. பொறுப்பாளர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

அத்தான் சாகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களை ஏன் அந்தரிக்க வைப்பான். தும்பிக்கையால் தூக்கி எறிந்ததில் வேலிக்கரையில் போய் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு உடைந்தது, விலா எலும்பும். யானை பசுவை மிதித்துவிட்டுப் போயிருந்தது. அதற்குள் ஊர்ச் சனம் வெடியும் லைட்டுமாக வந்துவிட்டது, ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் மெத்தை போட்டுத்தான் றோட்டு வரைக்கும் கொண்டுவந்தார்கள். பிறகு அம்புலன்ஸில் வவுனியாவுக்கு. நான் முதன்முதலாகக் கிளிநொச்சிக்கு வேலைக்கு வெளிக்கிட்டபோது, என் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பஸ் வரும்வரை ஒரு சொல்லும் பேசாமல் பக்கத்தில் நின்ற மனிசன் அவர். இனி எழும்பி நடப்பாரோ என்று கேட்டால் டொக்டர்மார் பார்ப்போம் என்கிறார்கள்.

பொறுப்பாளர் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி மாங்குளம் வரை கொண்டுவந்து வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் வெளிக்கிடும்போது ஜன்னலடிக்கு வந்து, "அஞ்சு பேற்ற சம்பளத்தை யோசிச்சுத்தான் தங்கச்சி..." என்று தொடங்கினார். எனக்கு அவர் மேல் கொலைவெறி இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அக்கா ஆஸ்பத்திரி விறாந்தையில் போட்டிருந்த நீட்டு வாங்கில் இருந்தாள். காலில் சேறு காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"நீ வீட்டை போய்ச் சேந்திட்டாய் எண்டு நினைச்சனடி" என்றாள்.

"தெரியும் அக்கா."

"நீ முதல் அடிக்கேக்க அவர் படலையடியிலதான் நிண்டவர். கட் பண்ணிப்போட்டு, தங்கச்சி வந்திட்டாளாம் எண்டு அவருக்கும் சொன்னனான். சரி எண்டு தலையாட்டிப்போட்டுத்தான் போனவர்."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன், அவள் என் முதுகைத் தடவினாள். அவர்களோடு ஊரிலிருந்து துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு சோடாவை உடைத்து என் கையில் தந்தாள். ஆறுதலாக என்று நினைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள்.

"நாங்கள் எல்லாரும் எடுத்து முழுக்கக் கேட்டனாங்கள் தங்கச்சி. நீங்கள் அனுப்பினபடியே. இனி நிப்பாட்ட மாட்டினம்தானே?"

தலையை ஆட்டினேன்.

விடிந்து கூட்டத்து நேரம் என் போன் அடித்தது. பொறுப்பாளர் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், ஆனால் என்ன நடந்தது என்று சொல்லத் துணிவில்லாமல் என் வீட்டில் சுகவீனம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதனால் கொழும்புப் பெண் என்னையே தனியாக அழைத்தார். தன்மையான குரல். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லி, இரண்டு நிமிடம்தான் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். முந்தின நாளின் கணக்கு எப்போதும் காலையில் தானாகவே அவர்களின் திரைக்குப் போய் விழும். அதைப் பார்த்துவிட்டார்.

"நேற்று மாலை ஒரு கிராமத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் அழைப்பை எடுத்துக் கடைசிவரை கேட்டிருக்கிறார்கள். நாங்கள் எதிர்பார்த்தது இதைத்தான். இந்த எண்ணை வைத்தே நீடிப்புக்கு நான் ஒப்புதல் வாங்கிவிட்டேன், இனி நீங்கள் கவலைப்படவேண்டாம். ஒன்றுதான் கேட்கவேண்டும். நேற்று நீங்கள் எதை மாற்றினீர்கள்? அதையே மற்றக் கிராமங்களிலும் செய்யமுடியுமா?"

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. வந்தது தமிழ்தான், அதுவும் ஊர்த் தமிழ். அவருக்கும் தமிழ் தெரியும். "எடுத்துக் கேட்டபடியாத்தான் மிஸ் என்ர அத்தான் உள்ள முறிஞ்சு கிடக்கிறார்" என்றேன். சத்தம் கூடிவிட்டது, ஒரு தாதி திரும்பிப் பார்த்தாள். எட்டு லைனைச் சொன்னேன், கடைசி வீட்டைச் சொன்னேன். சனம் கட் பண்ணுவது ஏன் என்று, மாதக்கணக்காகச் சொல்லாததை எல்லாம் அந்த விறாந்தையில் நின்று கொட்டினேன். பகுதி பகுதியாக எண்ணியதையும் பாதியில் விட்டதையும் சொன்னேன். கட் பண்ணினால் விளங்கியது என்று அர்த்தம் மிஸ், அதைத்தான் நீங்கள் எண்ணவேண்டும் என்றேன்.

பிறகு அவர் தமிழில், மெதுவாகக் கேட்டார். "அப்படியென்றால் கட் பண்ணிய அழைப்பெல்லாம் பாவனை என்று நான் எழுதட்டுமா? ஒவ்வொன்றும் விளங்கிக் கட் பண்ணியதுதான் என்று உங்களால் உறுதியாகச் சொல்லமுடியுமா?"

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னவாமடி? நிப்பாட்டப் போகினமோ?"

"இல்லையக்கா. கட் பண்ணினதையும் இனி எண்ணுறதோ எண்டு கேக்கினம்."

அக்கா கையை எடுத்துவிட்டு வார்ட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, நான் உன்னைக் கட் பண்ணினதையும் எண்ணுவினமோ?" என்று கேட்டாள்.